சந்தேகத்தின் பேரில்

புத்தகம் காணாமல் போனது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை என் அம்மாவுக்கு வேலை போயிற்று. இரண்டுக்கும் நடுவே இருந்த நாட்களில் நான் அதே கட்டடத்தில், அதே மாடியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களைப் பிறகு திட்டிக்கொள்ளலாம்.

எங்கள் ஊர்ப் பல்கலைக்கழக நூலகத்தின் மூன்றாம் மாடியில், கையெழுத்துப் பிரதிகளும் அரிய நூல்களும் இருக்கும் பிரிவில் எனக்கு வேலை. அதே மாடியை என் அம்மா ஹைட்ரூன் காலை ஐந்து மணிக்குத் துடைப்பாள். நான் எட்டு மணிக்கு வரும்போது தரை காய்ந்திருக்கும். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். பொய். அம்மா எனக்கு முன்பிருந்தே, மொத்தம் பதினோரு வருடமாக மிதித்துக்கொண்டிருந்தாள், வாளியோடு.

அவள் என் அம்மா என்று அங்கே யாருக்கும் நான் சொன்னதில்லை. அப்பா விட்டுவிட்டுப் போன பிறகு அவள் பிறந்த வீட்டுப் பெயருக்கே திரும்பிவிட்டாள்: ஹைட்ரூன் கோர்டெஸ். நான் இன்னும் அப்பாவின் பெயரைச் சுமந்துகொண்டு வீப்கே லூர்ஸ். மறைக்கச் சொன்னதும் அவள்தான்.

"மேல இருக்கிறவங்களுக்குத் தெரிய வேண்டாம்டி. அப்புறம் கக்கூஸ்ல பேப்பர் தீர்ந்தாக்கூட உங்கிட்ட வந்து சொல்லுவாங்க."

நான் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேச வேண்டியிராததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்பது அவளுக்கும் தெரியும்.

அந்தப் புத்தகத்தின் எண் எண்பத்தெட்டு. உள்ளங்கையில் அடங்கும் ஜெபப் புத்தகம். ஐந்நூறு வருடங்களுக்கு முன்பு பொட்டல்வெளிப் பக்கத்துக் கன்னியர் மடம் ஒன்றில் ஒரு பெண் தனக்காக எழுதிக்கொண்டது. லத்தீன் இல்லை. எங்கள் பக்கத்து நாட்டுப்புறப் பேச்சு, பிளாட். பேராசிரியர்கள் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கும் மொழி. என் அம்மா சந்தையில் உருளைக்கிழங்குக்காரனோடு சண்டை போடும் மொழி.

அதனால்தான் அவளுக்குக் காட்ட ஆசைப்பட்டேன். நவம்பர் மாதத்து ஒரு திங்கட்கிழமை, வேண்டுமென்றே ஆறரை மணிக்கே போனேன். அரிய நூல் அறையை வியாழக்கிழமை மட்டும்தான் சுத்தம் செய்வார்கள், அதுவும் எங்களில் ஒருவர் கூட நின்றால்தான். மற்ற நாட்களில் துப்புரவு ஆட்கள் உள்ளே கால் வைக்கக் கூடாது. நான் சாவி எடுத்துக் கதவைத் திறந்து, தாழ்வாரத்தில் துடைத்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டேன்.

"கையைக் கழுவிட்டு வாம்மா."

"என் கை நாள் பூரா தண்ணியிலதான் கிடக்கு. இதைவிடச் சுத்தமான கை உன் யுனிவர்சிட்டியிலயே கிடையாது."

ஆனாலும் கழுவிவிட்டு வந்தாள். மேலங்கியில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டாள். புத்தகத்தைப் பஞ்சுத் தலையணை மேல் வைத்து, பித்தளைக் கொக்கியை விடுவித்துத் திறந்தேன். பக்க ஓரங்களில் மெழுகு சிந்திய புள்ளிகள், கட்டைவிரல் பட்டுப்பட்டுக் கறுத்த மூலைகள்.

"இவ எழுத்து ஏன்டி இப்படிக் குதிக்குது? பழைய கசாப்புக்கடைப் பேர்ப்பலகை மாதிரி."

எழுத்து அவளுக்குப் பிடிபடவில்லை. நான் மெதுவாக வாசிக்க வாசிக்க அவள் தலையாட்டினாள். ஓர் ஓரத்தில் அந்தக் கன்னிகை தன் பாவத்தைப் பொடி எழுத்தில் எழுதி வைத்திருந்தாள்: பாடும்போது ஆண்டவரை நினைக்காமல் தன் காலையே நினைத்துக்கொண்டிருந்தாளாம். காலுக்கு என்ன என்று சொல்லும் வார்த்தை மட்டும் எனக்கு இரண்டு மாதமாகப் புரியவில்லை. எந்த அகராதியிலும் இல்லை.

"இது தெரியாதா உனக்கு? குளிர்ல விரல் வீங்கிச் சிவந்து அரிக்குமே, அதுதான். உனக்கே சின்ன வயசுல வந்து ராத்திரியெல்லாம் அழுதியே." அம்மா சத்தமில்லாமல் சிரித்தாள். "பாவம் இவ. கடுகு எண்ணெய் தேச்சிருக்கலாம்."

"கன்னியர் மடத்துல யாரும்மா தேச்சு விடுவா?"

"அதுக்குத்தான் கல்யாணம் பண்ணணும்ங்கிறேன். நீயும் கேக்க மாட்டேங்கிற."

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அவளை முன்னால் அனுப்பிவிட்டுப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்து மூடி, அலமாரியில் செருகினேன். அறையைப் பூட்டினேன். சாவிப் பதிவேட்டில் வழக்கம்போல "எட்டு மணி" என்று எழுதினேன். அம்மா வெளியே போகும்போது காவலர் சுற்றி வந்திருக்கிறார். "காலை வணக்கம், கோர்டெஸ் அம்மா" என்றிருக்கிறார். அவர் கவனித்தது, அவள் கையில் வாளி இல்லை என்பதை.

அன்றே பத்து மணிக்கு எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் வெஸ்ஸல் விருந்தினர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்களுக்குப் புது ஃப்ரீசர் வாங்கிக் கொடுத்த அறக்கட்டளையின் தலைவரும் அவர் மனைவியும். நூலகத்துக்கு எதற்கு ஃப்ரீசர் என்று கேட்பவர்களுக்கு: யார் வீட்டிலிருந்தாவது பழைய புத்தகங்கள் தானமாக வந்தால் அதோடு பூச்சியும் வரும். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் முப்பது டிகிரியில் மூன்று வாரம் போட்டுவைத்தால் முட்டையிலிருந்து எல்லாம் சாகும். வெளியே எடுத்தவுடன் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே கிடந்து அறையின் சூட்டுக்கு வர வேண்டும். இல்லையென்றால் குளிர்ந்த தோலில் நீர் கோத்துக்கொள்ளும்.

வெஸ்ஸல் மேலே எண்பத்தெட்டைக் காட்டினார். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டே அவர்களைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போனார். முப்பது வருடமாகப் பிரிவை நடத்துகிறவர். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது அவருக்கு மூக்குக்கண்ணாடி மாதிரி. நான் படிக்கட்டில் எதிரே வந்தேன். வழிவிட்டேன்.

மதியம் எனக்குக் கீழ்த்தளத்தில் வேலை. செத்துப்போன ஒரு போதகரின் வீட்டிலிருந்து நூற்றறுபது புத்தகங்கள் வந்திருந்தன. பாட்டுப் புத்தகங்கள், பிரசங்கங்கள். எல்லாம் சின்னது, எல்லாம் பழுப்புத் தோல், எல்லாவற்றிலும் துளை. பூச்சி மேஜை என்று நாங்கள் சொல்லும் மேஜையில் அவை குவிந்திருந்தன. தூசு மூக்கில் ஏறியது. முதுகலைப் பட்டம் வாங்கியது பை கட்டவா என்று கறுவிக்கொண்டே கட்டினேன். ஒவ்வொரு பையிலும் தேதியும் தலைப்பும் எழுத வேண்டும் என்பது விதி. முதல் இருபது பைகளில் எழுதினேன். அதன் பிறகு தேதியும் "போதகர் வீடு" என்றும் மட்டும். ஒன்றையும் திறந்துகூடப் பார்க்கவில்லை. மூன்று மணிக்கு எல்லாப் பைகளையும் ஃப்ரீசரில் போட்டு மூடியைச் சாத்தினேன்.

மறுநாள் காலை கோப்பன்ஹேகனிலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சியாளர் எண்பத்தெட்டைக் கேட்டார். பெட்டி அலமாரியில் அதன் இடத்திலேயே இருந்தது. திறந்தால் உள்ளே பஞ்சு மட்டும்.

"நேத்து நானே உள்ள வச்சேன்" என்றார் வெஸ்ஸல். "என் கையால."

முப்பது வருடக் கை. யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. நானும்தான்.

புதன்கிழமை காப்பி நேரத்தில் ஆப்பிள் கேக் இருந்தது, யாருக்கோ பிறந்தநாள். கத்தி என் கையில்.

"திங்கக்கிழமை காலையில அந்தச் சுத்தம் பண்ற அம்மா நம்ம அறைப் பக்கமிருந்து வந்ததைக் காவலர் பார்த்திருக்கார்" என்றார் வெஸ்ஸல். "வாளிகூட இல்லையாம். அன்னிக்கு நோட்டம் பார்த்துட்டு செவ்வாய்க்கிழமை காரியத்தை முடிச்சிருக்காங்க."

"அவங்களுக்கு அதுல ஒரு வரி புரியுமா?" என்று பக்கத்து அறைக்காரர் ஒருவர் கேட்டார்.

"விக்கிறதுக்கு எதுக்குங்க புரியணும்? சின்னதா இருக்கு, பைக்குள்ள போகும். பாவம், எடுத்தது என்னன்னே தெரிஞ்சிருக்காது."

சிரித்தார்கள். கெட்ட சிரிப்புகூட இல்லை, இரக்கச் சிரிப்பு. அதுதான் என்னைக் கொன்றது. ஊட்டே மட்டும் சிரிக்கவில்லை. கிழிந்த ஏடுகளைப் பழுதுபார்ப்பவள் அவள். ஒரு கிறிஸ்துமஸ் சந்தையில் நானும் அம்மாவும் ஒரே தட்டில் வறுத்த பாதாம் தின்றுகொண்டிருந்தபோது எங்களைப் பார்த்தவள். அவள் என்னைப் பார்த்தாள். நான் கேக்கை இன்னும் சின்னதாக வெட்டினேன்.

ஒரே வரி போதும். "நான்தான் கதவைத் திறந்தேன், அவங்க என் அம்மா." ஆனால் டிசம்பரில் என் வேலையை நிரந்தரமாக்குவது பற்றிக் குழு கூடப்போகிறது. அதன் தலைவர் வெஸ்ஸல். நிரந்தரமாக்காவிட்டால் ஜனவரியோடு என் வேலை முடிந்தது. புத்தகம் எப்படியும் இரண்டொரு நாளில் எங்காவது கிடைத்துவிடும், அதன் பிறகு எல்லாம் தானாகச் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவள் அல்லவா, காரணங்களுக்குக் குறைவில்லை.

அம்மாவுக்குச் சம்பளம் கொடுப்பது நூலகம் இல்லை, ஒரு துப்புரவு கம்பெனி. அது வியாழக்கிழமை அவளைக் கூப்பிட்டு விசாரித்தது. திங்கட்கிழமை அந்த அறைக்குள் உனக்கு என்ன வேலை?

"கதவு திறந்திருந்துச்சு. குப்பைக்கூடையை எடுக்கப் போனேன்" என்றாள் அம்மா.

பதிவேட்டைக் காட்டினார்கள். எட்டு மணி வரை அறையின் சாவி சாவிப்பெட்டியிலேயே இருந்திருக்கிறது. கதவு எப்படித் திறந்திருக்கும்?

"எனக்குத் தெரியாது" என்றாள்.

எங்கள் நாட்டுச் சட்டத்தில், திருடினாய் என்று நிரூபித்துத்தான் ஒருவரை வேலையிலிருந்து எடுக்க வேண்டும் என்பதில்லை. பலமான சந்தேகம் இருந்தால் போதும். சந்தேகத்தின் பேரில் உடனடி வேலைநீக்கம். கடிதத்தில் அந்த வார்த்தைகளே தடித்த எழுத்தில் இருந்தன.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா அலமாரியிலிருந்து எல்லாவற்றையும் வெளியே போட்டுத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள்.

"மரியாதையாத்தான் நடந்துக்கிட்டாங்க. ஷூவைக் கழட்டட்டுமான்னு கேட்டான் ஒருத்தன். பட்டாணிப் பொட்டலத்தைக்கூடப் பிரிச்சுப் பார்த்தாங்க. சின்னப் பசங்க."

"அம்மா, நான் போய்ச் சொல்லிடறேன்."

"என்னத்தச் சொல்லுவ?"

"நான்தான் உன்னைக் கூப்பிட்டேன்னு."

அவள் தலையணை உறையை உதறினாள். "சொல்லு. அப்புறம் என்ன ஆகும்? நான் திருடலைன்னு ஆயிருமா? பொண்ணு கதவைத் திறந்தா, அம்மா எடுத்தா, ரெண்டும் கூட்டுக் களவாணிங்கன்னு ஆகும். எனக்கு வேலை வராது. உனக்கு இருக்கிறதும் போகும்."

"உன் பேரு கெடுதேம்மா."

"என் பேரு என்னடி பேரு. மாப்பும் வாளியும் பிடிச்ச பேரு." குரல் இறங்கியது. "நீ உக்கார்ற அந்த மேஜை நாற்காலியை தினம் காலையில காலியா பார்த்துட்டுத் துடைப்பேன். நாற்காலிக் காலைத் தனியாத் துடைப்பேன், தெரியுமா? அது போகக் கூடாது. வாயத் திறந்தே, அப்புறம் நான் உன் அம்மா இல்ல."

கதவு தட்டப்பட்டது. மேல்வீட்டு ஹாக்கெ தாத்தா. அவர் ஊருக்குப் போகும்போதெல்லாம் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக அவர் வீட்டுச் சாவி ஒன்பது வருடமாக அம்மா வீட்டு ஆணியில் தொங்கியது.

"ஹைட்ரூன், அந்தச் சாவி... என் மருமக கேக்கிறா. அவளே பார்த்துக்கிறாளாம்."

"அதுக்கென்ன" என்று எடுத்துக் கொடுத்தாள். "ஜெரேனியத்துக்கு ரொம்ப ஊத்தச் சொல்லாதீங்க, அழுகிரும்."

அவர் மாடியேறிப் போனார். மடித்த துணிகளையே மறுபடி பிரித்து மடித்தாள்.

வழக்குப் போடலாம், அதற்கு மூன்று வாரம் கெடு உண்டு. அம்மா போகவில்லை. நீதிபதி முன்னால் நின்றால் கதவை யார் திறந்தது என்று கேட்பார்களாம். வேறு கம்பெனிகளுக்கு விண்ணப்பித்தாள். வேலைச் சான்றிதழில் கடைசி நாள் என்று மாதத்தின் நடுவில் ஒரு தேதி இருக்கிறது. ஒழுங்காகப் போகிறவர்களுக்கு மாதக் கடைசித் தேதிதான் இருக்கும். இதை வாசிக்க எந்தப் பட்டமும் வேண்டாம், எல்லா மேற்பார்வையாளருக்கும் தெரியும். கட்டடத்தின் எல்லாச் சாவிகளையும் கொடுத்து நம்பும் வேலை அது. அவளை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

நானோ தினமும் போனேன். கேக் இருந்த நாட்களில் கேக் தின்றேன்.

மூன்று வாரம் கழித்துத் திங்கட்கிழமை, ஃப்ரீசரைத் திறக்கும் நாள். ஊட்டே பைகளை வாங்கி மேஜையில் அடுக்கினாள். நான் எடுத்துக் கொடுத்தேன். கையுறைக்குள்ளும் விரல் மரத்தது. பாதிக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு பை கைக்கு மிக லேசாக வந்தது. பனிப்படலத்தைக் கட்டைவிரலால் தேய்த்தேன். கறுத்த மூலை. பித்தளைக் கொக்கி.

நான் கத்தவில்லை. பையை மேஜையில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஊட்டே குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "பிரிக்காதே" என்றாள் முதலில். தொழில் புத்தி. "நாளைக்கு வரைக்கும் பிரிக்கக் கூடாது." பிறகு, "தேதி உன் கையெழுத்தா?"

"ஆமா."

"அந்தத் திங்கக்கிழமை தேதி போட்டிருக்கே."

"ஆமா."

"அப்போ செவ்வாய்க்கிழமை காலையில அங்க மேல திருட ஒண்ணுமே இல்ல."

மேஜையில் அது எப்படி வந்தது என்று இருவரும் சொல்லிக்கொள்ளத் தேவையிருக்கவில்லை. இவ்வளவு பெரிய ஃப்ரீசர் மூடியை ஒற்றைக் கையால் தூக்க முடியாது. விருந்தினருக்குக் காட்ட வேண்டுமென்றால் கையில் இருப்பதை எங்காவது வைத்தாக வேண்டும். பக்கத்தில் இருந்தது பூச்சி மேஜைதான். சுத்தமான புத்தகம் எதையும் ஒரு நொடிகூட வைக்கக் கூடாத மேஜை. அந்த விதியை எழுதி ஒட்டியவரே வெஸ்ஸல்தான். பிறகு பழக்கத்தில் மேலே போய் வெறும் பெட்டியை மூடி வைத்திருக்கிறார். நான் பார்க்காமல் கட்டியிருக்கிறேன்.

"இந்தா பாரு" என்றாள் ஊட்டே. என்னோடு அவளும் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "நான் ஒண்ணும் பார்க்கல. நாளைக்குப் பிரிச்சு எடுத்து, அலமாரிக்குப் பின்னால விழுந்து கிடந்துச்சுன்னு சொல்லிரு. கிழவன் நிம்மதியாவான். வர வியாழக்கிழமை உன் குழு. உன் அம்மாவுக்கும் நல்லதுதானே? புத்தகம் கிடைச்சிருச்சே."

"கிடைச்சா என்ன சொல்லுவாங்க தெரியுமா? எடுத்தவ பயந்து யார் மூலமாவோ திரும்ப வச்சுட்டான்னு சொல்லுவாங்க."

சொல்வார்கள் என்று ஊட்டேவுக்கும் தெரியும். அம்மாவைச் சுத்தமாக விடுவிக்கக்கூடியது உலகத்தில் ஒன்றே ஒன்று: அந்தப் பையில் இருந்த தேதி, என் கையெழுத்தில்.

ஒரு நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. பையின் வெளிப்புறம் வியர்த்தது, சொட்டியது, பிறகு காய்ந்தது. அன்று அம்மாவுக்குப் போன் செய்யவில்லை. செய்திருந்தால் தடுத்திருப்பாள். தடுத்திருந்தால் நான் கேட்டிருப்பேன். அந்த அளவுக்கு என்னை எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மதியம் பையைப் பிரிக்காமலேயே வெஸ்ஸலின் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். கண் கலங்கியது, நிஜமாகவே. "எங்க இருந்துச்சு?"

"ஃப்ரீசர்ல."

"எந்த ஃப்ரீசர்?"

"நம்மகிட்ட ஒண்ணுதானே இருக்கு டாக்டர்."

தேதியைப் படித்தார். "இது உங்க கையெழுத்து, வீப்கே."

"கட்டினது நான். பார்க்காம கட்டினது நான். தலைப்பு எழுதாததும் நான்தான். ஆனா அந்த மேஜைக்கு அது தானா நடந்து வரல."

"நான் பெட்டியில வச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"பெட்டியை வச்சீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, குழுக்கூட்டக் குரலுக்கு வந்தார். "சரி. இப்படிப் பார்ப்போம். புத்தகம் பத்திரமா இருக்கு. அதுதான் முக்கியம். யார் எங்க வச்சாங்கன்னு கிளறுறதால யாருக்கும் பிரயோஜனம் இல்ல. அந்தச் சுத்தம் பண்ற அம்மா விஷயம் வருத்தம்தான். ஆனா வேலையை விட்டு எடுத்தது கம்பெனி. நாங்க சந்தேகத்தைத் தெரிவிச்சோம், அவ்வளவுதான்."

"கேக் தின்னுக்கிட்டே தெரிவிச்சீங்க. நானும் தின்னேன். அவங்க பேரு ஹைட்ரூன் கோர்டெஸ். என் அம்மா. திங்கக்கிழமை கதவைத் திறந்து உள்ள கூப்பிட்டது நான். புத்தகத்தை அவங்க தொட்டாங்க, என் முன்னாடி, கழுவின கையால. உங்களுக்குத் தெரியாத ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொன்னாங்க. பதிவேட்டுல எட்டு மணின்னு எழுதினது பொய்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அதைவிட மோசமாக, புரியாமல் பார்த்தார்.

"உங்க அம்மான்னா, ஏன் மூணு வாரமா சொல்லல?"

பையைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்றே மூன்று பக்கத்தில் அறிக்கை எழுதினேன். நூலக இயக்குநருக்கு, ஊழியர் குழுவுக்கு, போலீசுக்கு, துப்புரவு கம்பெனிக்கு, நான்கு பேருக்கும் பையின் புகைப்படத்தோடு அனுப்பினேன். போலீஸ் ஒரு வாரத்தில் விசாரணையை முடித்துக்கொண்டது. வெஸ்ஸல் தலைமையிலான குழு வியாழக்கிழமை கூடி, சாவிப் பதிவேட்டில் பொய் எழுதியவரை நிரந்தரமாக்க முடியாது என்று முடிவு செய்தது. அது நியாயம்தான். அதனால்தான் தாங்க முடியவில்லை. வெஸ்ஸலுக்கு ஒரு குறிப்பு போனதாம்: விருந்தினரைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துச் செல்லும்போது கூடுதல் கவனம் தேவை.

கம்பெனியின் பதில், வழக்குப் போடும் கெடு முடிந்த அடுத்த வாரம் எனக்கு வந்தது. திருட்டுச் சந்தேகம் நீங்கியதில் மகிழ்ச்சி என்று எழுதியிருந்தார்கள். ஆனால் விசாரணையில் திருமதி கோர்டெஸ் கதவு பற்றி உண்மையல்லாததைச் சொன்னது இப்போது தெளிவாகிவிட்டபடியால், நம்பிக்கை முறிந்துவிட்டது. வேலைநீக்கத்தில் மாற்றம் இல்லை.

நான் எழுதிய அறிக்கைதான் ஆதாரம். இரண்டாம் பக்கம், நான்காம் பத்தி என்று குறிப்பிட்டிருந்தார்கள்.

அதை எடுத்துக்கொண்டு போனபோது அம்மா கதவைப் பாதி திறந்து, நின்றபடியே படித்தாள்.

"உன் வேலை?"

"ஜனவரியோட முடியுது."

"அப்போ நான் எதுக்குடி பொய் சொன்னேன்?" கத்தவில்லை. "எங்கிட்ட வேற என்ன இருந்துச்சு உனக்குக் குடுக்க? வீடா, நகையா? அந்த ஒரு பொய்தான். அதையும் தூக்கி அவங்க முன்னாடி போட்டுட்டே."

"நீ திருடலைன்னு எல்லாருக்கும் தெரியணும்மா."

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரிஞ்சு என்ன ஆச்சு?"

கதவைச் சாத்திக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு நான் போகவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

ஜனவரி கடைசி நாள். எங்களிடம் ஒவ்வொரு கையெழுத்துப் பிரதிக்கும் தனிக் கோப்பு உண்டு. எப்போது வாங்கியது, யார் கேட்டார்கள், எங்கே பழுது பார்த்தது, அதன் வாழ்க்கை முழுக்க அதில் இருக்கும். உள்ளே போகும் ஒவ்வொரு தாளுக்கும் பென்சிலால் எண் போடுவோம். எண் போட்ட தாளை யாரும், இயக்குநரே ஆனாலும், எடுக்கக் கூடாது. எண்பத்தெட்டின் கோப்பைத் திறந்தேன். மூன்று வாரக் காலத்துக்கு அதில் ஒரே வரி இருந்தது, வெஸ்ஸலின் அழகான கையெழுத்தில்: "தற்காலிகமாக இடம் மாறியிருந்தது, கண்டெடுக்கப்பட்டது." வேறு யார் பெயரும் இல்லை.

என் மூன்று பக்கத்தையும் உள்ளே வைத்தேன். நான்காவதாக ஒரு தாள் எழுதினேன். இந்த நூலகத்தில் பதினோரு வருடம் தரை துடைத்த ஹைட்ரூன் கோர்டெஸ் மீது திருட்டுப் பழி போடப்பட்டது, அவர் திருடவில்லை, வேலை திருப்பித் தரப்படவில்லை, அவர் மகள் முதல் மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. நான்குக்கும் எண் போட்டேன். ஊட்டே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சில் முனை மழுங்கியபோது சீவிக் கொடுத்தாள்.

பிப்ரவரியில்தான் அம்மா கதவைத் திறந்து உள்ளே விட்டாள். மன்னித்ததாகத் தெரியவில்லை. வெளியே பனிமழை, நான் நனைந்திருந்தேன், அதனால் விட்டிருப்பாள். சமையலறையில் உருளைக்கிழங்கைத் துருவிக்கொண்டிருந்தாள். மேஜை மேல் வேலைவாய்ப்பு அலுவலகத்துக் கடிதங்கள். நான் கோப்பைப் பற்றிச் சொன்னேன். எண் போட்டதைச் சொன்னேன். யாராலும் எடுக்க முடியாது என்பதைச் சொன்னேன்.

"யாரு படிப்பா அதை?"

"அந்தப் புத்தகத்தை ஆராய வர்ற எல்லாரும். கோப்பைப் பார்த்துட்டுத்தான் புத்தகத்தைத் தொடுவாங்க."

"வருஷத்துக்கு எத்தனை பேரு வருவாங்க?"

"ரெண்டு பேரு. சில வருஷம் ஒருத்தரும் வர மாட்டாங்க. ஆனா அது அங்கேயே இருக்கும்மா. இன்னும் நூறு வருஷம் ஆனாலும் இருக்கும்."

அவள் துருவலைக் கையில் அள்ளி, தண்ணீரைப் பிழிந்தாள்.

"அதுக்குள்ள எனக்கு வேலை கிடைச்சிருமாடி?"

கேலியாகக் கேட்கிறாள் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். கேலி இல்லை. படித்தவளிடம் ஒரு விவரம் கேட்பது போல, பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.